வெட்டுக்கிளி கம்பெனியின் பிரிவு உபசாரம்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் கெக்கலிபாளையம் வரும். வராமலும் போகலாம். வழியில் யாரையாவது கேட்டு அவர் கெக்கலிபாளையத்துக்காரராக இருந்துவிட்டால், கேரளாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஊரில் சென்னியப்பன், திருமூர்த்தி, ராயப்பன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்தார்கள். பெயர் வெட்டுக்கிளி. இளநீரை உள்ளே வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் நாலே நொடியில் 'சொட்' என்று ஓட்டை போட்டுத் தருகிற மெஷின். அரிவாள் வேண்டாம், விரல் போகாது. ஊரே ஆச்சரியப்பட்ட விஷயம் என்னவென்றால், அந்த மெஷின் நிஜமாகவே வேலை செய்தது. இந்த மூன்று பேர் எப்படி இதைச் செய்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. வேறு எதையோ செய்யப் போயிருக்கிறார்கள்.

மற்ற இரண்டு பேருக்கு இது பொழுதுபோக்கு. சென்னியப்பனுக்கு மட்டும் உயிர்ப் பிரச்சினை. அவனுடைய தாய்மாமன் நாச்சிமுத்துவுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. மூவாயிரம் கோழி. சென்னியப்பனுக்கோ ஒரு கோழியே அதிகம். ஐந்து வயதில் ஒரு சேவல் அவன் நெஞ்சின் மேல் ஏறி நின்று கூவியதிலிருந்து, ஆம்லெட்டைக்கூட அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுவான்.

மாமன் போனில் சொல்லிவிட்டார். "இத பாரு மாப்ளே. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள உன்ர கம்பெனிக்கு எவனாச்சும் முதலீடு போட்டா, நீ பண்ணைக்கு வர வேண்டாம். போடலையா, சனிக்கெழமை காத்தால மொத பஸ்ஸு. தீவனம் வெக்க ஆளில்லாம கோழியெல்லாம் உன்னைத்தான் கேக்குது."

கோழிகள் தன்னைக் கேட்கின்றன என்ற செய்தியில் சென்னியப்பனுக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

காய்ச்சல் விட்ட அன்று சென்னையிலிருந்து பிரியம்வதா மேடம் கூப்பிட்டார். புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர். "வீடியோ பார்த்தேன். மெஷின் அருமை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வர்றேன். ஒரே ஒரு கேள்வி. நான் போடற பணம் ஒருநாள் பெருகி எங்கிட்டத் திரும்பி வரணும் இல்லையா? பெரிய ஆள் யாராவது உங்க கம்பெனியை வாங்கணும், இல்ல பங்குச் சந்தைக்குப் போகணும். அந்த எக்ஸிட் எப்போ, எப்படின்னு யோசிச்சு வச்சிருங்க."

"யோசிச்சுப் போடறோமுங்க மேடம்" என்றான் சென்னியப்பன், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டு.

மெஷின் இருந்த கொட்டகையில் அவசரக் கூட்டம் கூடியது.

"இது அபசகுனம்" என்றான் ராயப்பன். "பொண்ணுப் பாக்க வந்த எடத்துல, 'பொண்ணை எப்பங்க பொறந்த ஊட்டுக்குத் தாட்டி உடறது'ன்னு எவனாச்சும் கேப்பானா? இன்னும் கம்பெனியே நிக்கல. அதுக்குள்ள போறதப் பத்திப் பேச்சா?"

"அப்படியில்ல பங்காளி" என்றான் திருமூர்த்தி. "பஸ்ஸுல ஏறுனதுமே எறங்கற ஸ்டாப்பைச் சொன்னாத்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பாரு."

"நான் ஸ்டாப்பே சொன்னதில்ல."

"அதனாலதான் நீ எப்பவும் டெப்போவுல போயி எறங்கற."

எக்ஸிட்டைப் பற்றி இப்போதே யோசிப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. மூன்று பேருக்கு நாலு ஓட்டு எப்படி என்று ராயப்பன் கேட்டான். சென்னியப்பன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். கோழிக்குப் பயந்தவன் எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்ள மாட்டான்.

ஆகவே கோயம்புத்தூருக்குப் போய் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தார்கள். ஏ.சி. அறை, கழுத்தை நெரிக்கும் டை, மேசையில் அவருடைய படமே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"மூணே விஷயம்" என்றார் ஆலோசகர். "ஒண்ணு, முடிவிலிருந்து ஆரம்பியுங்கள். ரெண்டு, வாங்கக்கூடிய ஆளை இப்பவே போய்ப் பார்த்து வையுங்கள், ஆனால் விற்கிற ஆசை முகத்தில் தெரியவே கூடாது. மூணு, நீங்கள் இல்லாவிட்டாலும் கம்பெனி ஓட வேண்டும். அப்படி ஓடுகிற கம்பெனியைத்தான் உலகம் தேடி வரும்."

திருமூர்த்தி மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அழிந்துவிடும் என்று ஊர் வந்து சேரும்வரை அந்தக் கையால் எதையும் தொடவில்லை. பஸ்ஸில் அவனுக்கு ராயப்பன்தான் பஜ்ஜி ஊட்டிவிட்டான். இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது, அதில் சாப்பிடலாமே என்று யாரும் கேட்கவில்லை. எழுதியிருந்ததே இடக்கையில்தான்.

திங்கட்கிழமை முதல் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

"முடிவுலருந்து ஆரம்பிக்கோணும். செரி. ஒரு வேலைக்கு முடிவுன்னா என்ன?" என்றான் திருமூர்த்தி.

ராயப்பனின் அப்பா மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எனவே ராயப்பனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "பிரிவு உபசார விழா. பொன்னாடை, மாலை, சுவர்க் கடிகாரம், மிக்சர், காப்பி, போட்டோ. அதோட முடிஞ்சுது."

மூன்று பொன்னாடையும் மூன்று மாலையும் மூன்று சுவர்க் கடிகாரமும் வந்து இறங்கின.

முதலில் ராயப்பனுக்கு. திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக்குரலை எடுத்தான். "இந்த நிறுவனத்தில் நாளை முதல் அரும்பணி ஆற்றவிருந்த நம் அன்பு நண்பர் ராயப்பன் அவர்கள் இன்றோடு விடைபெறுகிறார். அவர் செய்யப்போகாத சாதனைகளை நாம் என்றும் மறக்க முடியாது." ராயப்பன் அழுதான். நிஜமாகவே அழுதான். "இன்னும் கொஞ்சநாள் இருந்திருக்கலாம்" என்று மூக்கைச் சிந்தினான். பொன்னாடை விழுந்தது. கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

அடுத்து திருமூர்த்திக்குச் சென்னியப்பன் போர்த்தினான். அவனும் வெளியே போனான்.

இப்போது கொட்டகைக்குள் சென்னியப்பன் ஒருத்தன். அவனை வழியனுப்ப ஆளில்லை.

"உள்ள வந்து போத்துங்கடா!"

"விடைபெத்தவன் மறுபடி உள்ள வந்தா மரியாதையாடா?" என்றான் ராயப்பன் வெளியிலிருந்து. "எங்கப்பன் ரிடையர் ஆனப்பறம் கரெண்டு பில்லு கட்டக்கூட அந்த ஆபீசுக்குள்ள போனதில்ல."

தனக்குத் தானே போர்த்திக்கொள்வது முறையா என்று அரைமணி நேரம் பேசினார்கள். முறையில்லை என்று முடிவாயிற்று. கடைசியில் பக்கத்து டீக்கடை மயிலாத்தா அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் கரண்டியோடு வந்தார்.

"ஏஞ்சாமி, மூணு பேரும் எந்தூருக்குப் போறீங்க?"

"உங்க கடைக்குத்தானுங்க்கா. டீ குடிக்க."

"அதுக்கு எதுக்குடா மாலை?"

கேள்வி நியாயமானது. அதனால் சென்னியப்பன் சட்டென்று தோளை நீட்டினான். மயிலாத்தா பொன்னாடையைப் போர்த்தினார், சென்னியப்பனும் வெளியேறினான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், கம்பெனிக்குள் பிரிவு உபசாரம் ஆகாத ஆள் மயிலாத்தா ஒருத்தர்தான்.

"அப்படின்னா சாவி உங்ககிட்டத்தானுங்க்கா இருக்கோணும்" என்று ஜன்னல் வழியாக நீட்டினான் சென்னியப்பன்.

"நல்லாக் கெட்டுப் போனீங்கடா" என்று சொல்லி அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது விஷயம். உடுமலைப்பேட்டையில் ஆறுச்சாமி என்று பெரிய இளநீர் மண்டிக்காரர். தினம் பத்து லாரி அனுப்புகிறவர். வாங்கினால் அவர்தான் வாங்க வேண்டும். மூன்று பேரும் பொன்னாடையோடு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் ஆசை இல்லாத முகத்தைப் பழகினார்கள். கண்டக்டர் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஆறுச்சாமி எழுந்து வரவேற்றார். "வாங்க வாங்க. என்ன விஷயமுங்க?"

"நாங்க விக்கறதா இல்லீங்க" என்றான் சென்னியப்பன்.

"எதைங்க?"

"அதைச் சொல்றதா இல்லீங்க" என்றான் திருமூர்த்தி.

ஆறுச்சாமி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஏதாச்சும் கேட்டனுங்களா?"

"நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டோமுங்க. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் நாப்பது கிலோமீட்டர் வந்தோம்" என்றான் ராயப்பன்.

"காப்பி சாப்பிடறீங்களா?"

"ஆசையில்லீங்க" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வணக்கம் போட்டு இறங்கினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே கும்மாளம். "பாத்தியா, 'எதைங்க'ன்னு எவ்வளவு ஆர்வமாக் கேட்டாரு!" என்றான் திருமூர்த்தி. கண்டக்டர், பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

புதனும் வியாழனும் மூன்றாவது விஷயத்துக்கு. அதாவது, அவர்கள் இல்லாமல் இருக்க வேண்டும்.

இல்லாமல் இருப்பது என்றால் எவ்வளவு தூரம் என்பதில் குழப்பம் வந்தது. பழனிக்குப் போய்விடலாம் என்றான் ராயப்பன். "இல்லாம இருக்கமா இல்லையான்னு அங்கருந்து எப்படித் தெரியும்?" என்று கேட்டான் சென்னியப்பன். அது சரி என்று பட்டது. எனவே ரோட்டுக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில், மெஷின் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, மூன்று பேரும் இல்லாமல் உட்கார்ந்தார்கள்.

சாவி கையில் இருந்ததால் மயிலாத்தா கொட்டகையைத் திறந்தார். திறந்ததால் கூட்டினார். கூட்டியதால் ஒருத்தன் வந்து இளநீர் கேட்டான். 'சொட்' என்று போட்டுக் கொடுத்தார். அவன் இன்னொருத்தனைக் கூட்டிவந்தான். மதியத்துக்குள் ரோட்டில் ஆறு லாரி நின்றது. வழுக்கையைத் தனியே சுரண்டிச் சர்க்கரை தூவி வைத்தார். டூரிஸ்ட் வேன் ஒன்று ஓரங்கட்டியது.

எதிர்ப்புறம் வேன் டிரைவர் வந்து சென்னியப்பனிடம் கேட்டார். "ஏனுங்க, எளநி ஒண்ணு எவ்வளவுங்க?"

சென்னியப்பனுக்கு வாய் துடித்தது. ராயப்பன் முந்திக்கொண்டான். "நாங்க இல்லீங்க."

"நீங்க விக்கறவங்க இல்லீங்களா?"

"அட, நாங்களே இல்லீங்க."

டிரைவர் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். புளியமரம் என்றால் என்னென்ன இருக்கும் என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேன் வந்ததைவிட வேகமாகக் கிளம்பியது.

வியாழக்கிழமை கைப்பிடி ஒருதடவை சிக்கிக்கொண்டது. சென்னியப்பன் துள்ளி எழுந்தான். அது அவன் முடுக்கிய திருகு, எந்தப் பக்கம் தட்டினால் விடும் என்று அவனுக்குத்தான் தெரியும். மற்ற இருவரும் அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! மெஷின் நின்னா முதலீடு இல்ல. முதலீடு இல்லைன்னா கோழிடா!"

"நீ போனீன்னா நம்ம இருக்கறது தெரிஞ்சுபோகும்டா!"

அதற்குள் மயிலாத்தா கரண்டியால் ஒரு போடு போட்டார். கைப்பிடி விட்டுக்கொடுத்தது. அதற்கப்புறம் முன்பைவிட லேசாகவே ஓடியது. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சந்தோஷமா, வருத்தமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்குக் கார் வந்தது. பிரியம்வதா மேடம் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். "பிரமாதம். இதை ஆரம்பிச்சவங்க எங்கே?"

மயிலாத்தா கரண்டியை எதிர்ப்புறம் நீட்டினார்.

மேடம் ரோட்டைத் தாண்டினார். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள், பிறகு இல்லை என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்கதானே சென்னியப்பன்?"

"ஆமாங்க மேடம். ஆனா இல்லீங்க. பாருங்க, நாங்க இல்லாமயே எப்படி ஓடுதுன்னு!"

மேடம் சிரித்துவிட்டார். "நல்ல தைரியம். சரி, இதை யார் வாங்குவாங்கன்னு யோசிச்சீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஆறுச்சாமி. கண் இரண்டும் கோவைப்பழம்.

"மூணு நாளாத் தூக்கமில்லீங்க சாமி! பஸ் கண்டக்டருகிட்ட உங்க ஊரை விசாரிச்சு வந்தனுங்க. எதை விக்க மாட்டீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. சம்சாரம்கூட மந்திரிச்சுக் கயிறு கட்டிப்போட்டா." மணிக்கட்டைக் காட்டியவர் மெஷினைப் பார்த்தார். 'சொட்'. வாயைப் பிளந்தார். 'சொட்'. "இதுங்களா? நான் வாங்கிக்கறனுங்க! என்ன வெலை?"

"விக்க மாட்டோமுங்க" என்றான் சென்னியப்பன் பெருமையாக.

"கேக்கறதைக் குடுக்கறனுங்க."

"கேக்கவும் மாட்டோமுங்க."

மேடம் அவன் காதருகில் குனிந்தார். "சென்னியப்பன், இவ்வளவு நல்ல ஆள் கிடைக்கவே மாட்டார். 'பேசலாம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இன்னைக்கே பணம் போடறேன்."

"ஐயோ, ஆசை தெரிஞ்சுபோயிருமுங்க மேடம்!"

"சரி, என்னோட பத்திரத்துலயாவது கையெழுத்துப் போடுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எப்படிங்க மேடம்?" என்றான் ராயப்பன், பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "எங்களுக்குத் திங்கக்கெழமையே பிரிவு உபசாரம் ஆயிருச்சுங்க. போனவங்க கையெழுத்து செல்லாதுங்க. இப்ப கம்பெனியில இருக்கறது மயிலாத்தா அக்கா மட்டும்தான். வேணும்னா கம்பெனி அவங்களோடதுன்னு எழுதிக் குடுத்து, சாட்சிக் கையெழுத்துப் போடறோமுங்க."

எழுதியும் கொடுத்தார்கள். மேடம் இரண்டு தடவை "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் "யோசிச்சாச்சுங்க" என்றார்கள். பிறகு அவர் ரோட்டைத் தாண்டிப் போய் மயிலாத்தாவிடம் கேட்டார். "அம்மா, உங்க எக்ஸிட் திட்டம் என்ன?"

"மொதல்ல எளநிய வெட்டிக்கறங் கண்ணு, ஆளுக நிக்கறாங்க. போறதப் பத்திப் போறப்பப் பாத்துக்கலாம்."

மேடம் வரிசையில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். ஆறுச்சாமி தினம் ஐந்நூறு இளநீர் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, ஜீப்பிலேயே சாய்ந்து குறட்டை விட்டார்.

புளியமரத்தடியில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"நாம இல்லாமயே முதலீடு வாங்கிருச்சுடா!" என்றான் திருமூர்த்தி. "எந்தக் கம்பெனியாலடா இது முடியும்?"

சென்னியப்பன் மாமனுக்குப் போன் போட்டான். "மாமா! கம்பெனிக்கு முதலீடு வந்துருச்சுங்க!"

"நெசமாவா! சொன்ன சொல்லு சொன்னதுதான் மாப்ளே. நீ பண்ணைக்கு வர வேண்டாம்." என்றார் மாமன். "ஆமா, அப்படி என்ன செஞ்சே?"

சென்னியப்பன் பூரித்துப்போய் எல்லாவற்றையும் விளக்கினான். ஆரம்பத்திலேயே வெளியேறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றான். ஆசை இல்லாமல் இருக்க வேண்டும் என்றான். நாம் இல்லாமலே எல்லாம் ஓட வேண்டும் என்றான். மாமன் கூடக் கூட 'ம்' கொட்டினார். அவரும் கெக்கலிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்பதைச் சென்னியப்பன் அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை சென்னியப்பன் நிம்மதியாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தெருவில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தான். கூண்டு கூண்டாக அடுக்கிய லாரி ஒன்று அவன் வீட்டு வாசலை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. திருமூர்த்தியும் ராயப்பனும் இரண்டு பக்கமும் நின்று "வா, வா, ஒடிச்சு வா" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இன்னும் இரண்டு லாரி.

டிரைவர் இறங்கி ஒரு சீட்டை நீட்டினார். மாமன் கையெழுத்து. 'அன்பு மாப்ளைக்கு. நீ சொன்னதில் ராத்திரி கண் திறந்தது. நானும் வெளியேறிவிட்டேன். யாரிடம் ஒப்படைக்கலாம் என்று யோசித்தேன். கோழி மேல் உன்னைப்போல ஆசையே இல்லாத ஆள் ஏழு ஜில்லாவிலும் கிடையாது. பண்ணைக்கு நீ வர வேண்டாம் என்றுதானே சொன்னேன். வாக்குத் தவற மாட்டேன்.'

சீட்டைப் படித்து முடிப்பதற்குள் சென்னியப்பன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்தான். வாயில் பிரஷ் அப்படியே இருந்தது.

கீழே திருமூர்த்தி டிரைவரை ஓரமாக அழைத்துப் போனான். "ஏனுங்க, ஒரு சந்தேகம். இதுகளுக்கு எக்ஸிட் பத்தி ஏதாச்சும் யோசிச்சிருக்குதுங்களா?"

"அது குஞ்சு வாங்கறப்பவே யோசிச்சாச்சுங்க" என்றார் டிரைவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "முட்டை நின்னா பிரியாணி."

மூவாயிரம் கோழிகளையும் இருவரும் புது மரியாதையோடு பார்த்தார்கள்.

"என்ன தெளிவுடா!" என்றான் ராயப்பன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா, இதை அதுககிட்ட இப்பவே பேசலாமா?"

"பேசித்தான் ஆகோணும். நாளைக்கு 'ஏன் மொதல்லயே சொல்லல'ன்னு கேட்டா?"

"இப்பச் சொன்னா மனசொடிஞ்சு முட்டை நின்னுபோயிருமே. முட்டை நின்னா உடனே பிரியாணியாச்சே."

"அப்பச் சொல்லாம உட்டறலாமா?"

"அது ஏமாத்தற மாதிரிடா."

முடிவு எட்டவில்லை. இருவரும் அண்ணாந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். என்ன இருந்தாலும் இப்போது முதலாளி அவன்தான்.

"எதையாச்சும் பேசுங்கடா! பேசி முடிக்கறவரைக்கும் கூண்டை மட்டும் தொறந்து போடாதீங்க!" என்று அலறினான் சென்னியப்பன்.

முதலாளி உத்தரவு. ராயப்பன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான். திருமூர்த்தி லாரியின் முதல் கூண்டருகே போய், கைகட்டி, குனிந்து, உள்ளே இருந்ததிலேயே கொஞ்சம் வயதானதாகத் தெரிந்த கோழியிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"ஏனுங்கம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குங்களா?"